லேசர் போட்டும் ஒண்டு போயிட்டு

வயித்துக்குள்ள இருக்கக்குள்ளயே லேசர் போட்ட, தங்கச்சிட ரெட்டைப் பிள்ளைகளைப் பத்தி எழுத வேணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டே இருந்தன், போன கிழமை மட்டக்களப்பு கல்லடியில மரக்கறி வாங்கப் போன இடத்தில தெரிஞ்ச மாமி ஒராள் "லேசர் எண்டா சூடு தானே புள்ள, அந்தச் சூடு பட்டுத்தான் மற்றப் பிள்ளை போயிருக்கும்" எண்டு சொல்லிட்டா. அவவில கோவமில்ல. ஆனா இனி எழுதாம விட ஏலா.

தங்கச்சி இருக்கிறது டொரொண்டோவில. 12 கிழமை ஸ்கேன்லயே ரெட்டை, ஒரே நச்சுக்கொடி, பன்னீர்ப்பை மட்டும் ரெண்டு எண்டு சொல்லிட்டாங்க. இப்பிடி இருந்தா 16 கிழமையிலிருந்து ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஸ்கேன். ஏனெண்டா நச்சுக்கொடிட மேல்பக்கத்தில ரெண்டு பேர்ட ரத்தக்குழாயும் ஒண்டோட ஒண்டு பொருந்திக் கிடக்கும், சில பேருக்கு, நூறில பத்துப் பதினைஞ்சு பேருக்கு, ஒராள்ட ரத்தம் மற்ற ஆளுக்கே போய்க்கொண்டிருக்கும், மறுகா குடுக்கிற பிள்ளை மூத்திரம் போகாம பன்னீர் வத்திக் காய்ஞ்சு போகும், வாங்குற பிள்ளைக்கு ரத்தம் கூடி இதயம் களைச்சு அந்தப் பைக்குள்ள தண்ணி குளம் மாதிரி நிறையும்.

தங்கச்சிக்கு 20 கிழமையில நாலே நாளில வயிறு கல்லு மாதிரி ஆகிட்டு. எங்களுக்குக் காலம்பற ஆறு மணி, அவளுக்கு முதல் நாள் இரவு, "அக்கா மூச்சு விட ஏலாம கிடக்கு" எண்டு கோல். ஸ்கேன்ல பெரியவளுக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேல தண்ணி, சின்னவளுக்கு ஒண்டுமே இல்ல, நனைஞ்ச சேலை உடம்போட ஒட்டின மாதிரி பை அவளோட ஒட்டிக் கிடந்ததாம். இப்பிடியே விட்டா ரெண்டும் போறதுதான் கூட.

ரெண்டாம் நாளே லேசர். 3 மில்லிமீற்றர் அளவு குழாயொண்டு, அதுக்குள்ள கமராவும் லேசரும். சூடு பிள்ளைக்கு இல்ல, நச்சுக்கொடிக்கு மேல ஓடுற அந்தப் பொதுக் குழாய்களுக்கு. ஒவ்வொண்டாத் தேடிச் சுட்டு மூடிட்டு, கடைசியில சுட்ட இடங்களைச் சேர்த்து நச்சுக்கொடிட ஒரு கரையிலிருந்து மற்றக் கரை வரைக்கும் கோடு இழுத்த மாதிரிச் சுடுறாங்க, சொலமன் முறை எண்டு பேர். கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழாய் ஒண்டு ரெண்டு விடுபட்டாலும் மறுகா ஒராளுக்கு ரத்தம் வத்தி மற்ற ஆளுக்கு ரத்தம் தடிக்கும், 2014ல வந்த ஆராய்ச்சியில இந்தக் கோடு போட்ட ஆக்கள்ல அது 16 வீதத்திலிருந்து 3 வீதத்துக்குக் குறைஞ்சிருக்கு. தங்கச்சி முழிச்சுக்கொண்டுதான் கிடந்தவள். "அக்கா, டீவியில பெரியவள்ட கையைக் கண்டன், விரலை விரிச்சு மடக்கினவள்" எண்டு சொன்னாள். வேற ஒண்டும் சொல்லல்ல அண்டைக்கு.

அடுத்த நாள் ரெண்டு இதயமும் அடிச்சது. அம்மா மாமாங்கம் கோயிலுக்கு ஓடினா. அதுக்கு அடுத்த நாள் சின்னவள்ட இதயம் நிண்டிட்டு.

அம்மா கேட்ட கேள்வி இதுதான்: "ரெண்டையும் காப்பாத்தத்தானே போட்டது?"

லேசருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை எண்டு நான் பொய் சொல்லமாட்டன். நச்சுக்கொடியில சின்னவள்ட பங்கு சரியான கொஞ்சம், குழாயெல்லாம் மூடினதுக்குப் பிறகு தன்ட பங்கை மட்டும் வைச்சு வாழ வேண்டி வந்திட்டு, அது காணல்ல எண்டுதான் டொக்டர் சொன்னார். ஆனா குழாய் மூடாமலே அவள் போயிருந்தா? ஒராள்ட இதயம் நிண்டதும் மற்ற ஆள்ட ரத்தம் திறந்த குழாய் வழியா அந்த உடம்புக்குள்ள இறங்கும், நிமிசக் கணக்குத்தான், மற்றதும் போகும் இல்லாட்டி மூளை பழுதாகும். பெரியவள் இண்டைக்கு இருக்கிறது அந்தக் கோட்டாலதான். அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ரெண்டு மாசம் போச்சு, நாத்துமேடைக்கும் பக்கத்து வயலுக்கும் இடையில வாய்க்காலை அடைச்ச மாதிரி எண்டு சொன்னதுக்குப் பிறகுதான் தலையாட்டினா.

அதோட முடிஞ்சுதா, இல்ல. கமராக் குழாய் போன ஓட்டை பன்னீர்ப்பையில அப்பிடியே கிடக்கும், தோல் மாதிரி அது ஆறி மூடாது. லேசருக்குப் பிறகு கனபேருக்கு வாற பிரச்சினை இதுதான், பன்னீர்க்குடம் நேரத்தோட உடைஞ்சு பிள்ளை குறைமாசத்தில பிறக்கிறது. தங்கச்சி பாத்ரூமுக்குப் போகவே பயந்தவள், கொஞ்சம் ஈரமெண்டாலும் எனக்குப் போட்டோ அனுப்புவாள் (இதுக்கு நான் என்ன சொல்ல, நான் படிப்பிக்கிறது கணக்கு). 31 கிழமையில உடைஞ்சிட்டு. பிள்ளைட நுரையீரல் முத்த ஊசி போட்டு ரெண்டாம் நாள் ஒப்பரேசன், ஒண்டரைக் கிலோ.

அம்மா இதுக்கு முதலே தட்டாரிட்ட பிள்ளைகளுக்குக் கழுத்தில போடுற பஞ்சாயுதம் ரெண்டு சொல்லி வைச்சவ. ஒண்டைத்தான் எடுத்தா. மற்றதைப் பத்தித் தட்டார் கேக்கவுமில்ல, அவ சொல்லவுமில்ல.

பெரியவள் இப்ப நடக்கிறாள், மூளை ஸ்கேன் நல்லம், ஆனாலும் பேச்சு, நடை எல்லாம் பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்காங்க.

இதெல்லாம் கனடாக் கதை எண்டு விட்டிருப்பன், மாமாட மகன்ட மனுசிக்கு களுவாஞ்சிக்குடியில ரெட்டை எண்டு வந்திருக்காட்டி. ரிப்போட்டை வட்ஸப்பில அனுப்பச் சொல்லிப் பார்த்தா "ரெட்டை" எண்டதைத் தவிர நச்சுக்கொடியைப் பத்தி ஒரு சொல்லு இல்ல. 13 கிழமை, இப்பதான் அது தெளிவாத் தெரியிற நேரம், வயிறு பெருத்தாப் பிறகு கண்டுபிடிக்கிறது கஸ்டம். நச்சுக்கொடி ஒண்டா ரெண்டா எண்டு கேட்டு எழுதி வாங்கிட்டு வா எண்டு கலைச்சன். வெள்ளிக்கிழமை கோல் எடுத்தாள். "ரெண்டாம், அக்கா. வேற வேறயாம்."

பக்கத்தில வெத்திலை போட்டுக்கொண்டிருந்த அம்மா கேட்டா: "அப்ப தட்டாரிட்ட கிடக்கிற மற்றதை எடுக்கவா?"