செவலையின் பின்னங்கால்

ஆகஸ்ட் 3

காலையில் கண்மாய்க் கரையில் மேய விட்டிருந்த எங்கள் குதிரை செவலையை இரண்டு தெருநாய்கள் துரத்தியிருக்கின்றன. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, பக்கத்துத் தோப்பின் முள்கம்பி வேலியில் போய் மாட்டிக்கொண்டது. இடது பின்னங்காலில், முட்டிக்குக் கீழே முன்பக்கம், தோலே இல்லை. அளந்து பார்த்தேன்: நீளம் 5 செ.மீ., அகலம் 3 செ.மீ. எலும்பு தெரியவில்லை, தசைநாணும் அறுபடவில்லை. அந்த மட்டில் அய்யனார் புண்ணியம்.

டாக்டரம்மா பதினொரு மணிக்கு வந்தார். தையல் போடச் சேர்த்து இழுக்கத் தோல் வேண்டுமே, அதுதான் இல்லை. கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார். மண்ணும் முடியும் வந்துகொண்டே இருந்தன. பிறகு வில்வாத ஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, ஊசி. டெட்டனஸ் குதிரையைப் பிடிக்கிற மாதிரி வேறு கால்நடையைப் பிடிக்காதாம். அதன் கிருமி மண்ணிலும் இருக்கிறது, குதிரைச் சாணத்திலேயும் இருக்கிறது.

ஐயா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஓரமாக நின்றார். உள்ளே நீல நிறத்தில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். டாக்டர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11

கட்டு மாற்றும்போது அளந்தேன். 5.8க்கு 3.6. எட்டு நாள் வைத்தியம் பார்த்துப் புண் பெரிதாகியிருக்கிறது! பதறிப்போய்ப் போன் செய்தால், "முதல் ரெண்டு வாரம் அப்படித்தான் விரியும், காலைக் கீழே வைக்க வைக்க தோலை இழுக்குதுல்ல" என்றார். சரி.

ஆகஸ்ட் 16

நல்ல செய்தி. குழி முழுக்கச் சிவப்பாகச் சதை வந்துவிட்டது, மாதுளை முத்துப் போலப் பளபளவென்று. எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது பாருங்கள். நாளை வேலை விஷயமாகத் திருச்சி போகிறேன், ஒரு வாரம் ஆகும். காற்றாடக் கிடக்கட்டும் என்று கட்டை அவிழ்த்துவிட்டேன். மருந்துக் கடைக்காரர் கொடுத்த ஊதா ஸ்ப்ரேயை அம்மா காலையும் மாலையும் அடித்துவிடுவார்.

ஆகஸ்ட் 24

மேலே எழுதியதை அழிக்கத் தோன்றியது. வேண்டாம், கிடக்கட்டும்.

குழிப்பணியாரம் வெந்து குழியைத் தாண்டி உப்பிக்கொண்டு நிற்குமே, அப்படி நிற்கிறது சதை. சுற்றியிருக்கும் தோலைவிட ஒரு விரற்கடை உயரம். ஒரு ஈ உட்கார்ந்து எழுந்தாலே ரத்தம் கசிகிறது. நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே சிவப்புதான் இது. குழியை நிரப்பியதும் நிற்க வேண்டிய சதை நிற்காமல் வளர்ந்துவிட்டது. தோல் ஓரத்திலிருந்து தரையோடு தரையாகத்தான் ஊர்ந்து வருமாம், மேடு ஏறாதாம். ஆகவே சதை பொங்கினால் புண் மூடாது.

ஐயா ஒரு வார்த்தையில் முடித்தார்: "துர்மாமிசம்."

அதற்கு அவரிடம் வைத்தியம் தயாராக இருந்தது. மயில்துத்தத்தைப் பொடித்துத் தூவினால் மூன்றாம் நாள் சதை கருகி விழும். தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டிய காலத்தில் எத்தனை குதிரைக்கு அப்படிச் செய்திருக்கிறார் என்று விரல் விட்டு எண்ணினார். கடைசியாக, "உங்க டாக்டரு பொறந்திருக்காதுடா அப்பு அப்ப" என்றார். உண்மையைச் சொன்னால் நான் பாட்டில் மூடியைத் திறந்தேவிட்டேன். அம்மா தடுத்திராவிட்டால் தூவியிருப்பேன்.

ஆகஸ்ட் 26

இன்று வெட்டி எடுத்தார்கள்.

மயக்க ஊசி போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அந்தச் சதையில் உணர்வு நரம்பே கிடையாதாம். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொள்ளுச் சட்டியைக் காட்டினேன். 'கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்' என்பார்களே, செவலை அந்த ஜாதி. காலில் கத்தி ஓடுகிறது, அது பாட்டுக்கு மென்றுகொண்டு நிற்கிறது.

ஆனால் ரத்தம்! உணர்வு நரம்புதான் இல்லை, ரத்தக்குழாய் மயிரிழை மயிரிழையாக அந்தச் சதை முழுக்க ஓடுகிறது. டாக்டர் கீழிருந்து மேலாகச் சீவினார். மேலிருந்து தொடங்கினால் வழிகிற ரத்தம் கீழே வெட்ட வேண்டிய இடத்தை மறைத்துவிடும். தோலின் ஓரத்தைத் தொடாமல், தோல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரைக்கும் எடுத்துவிட்டு, அழுத்திக் கட்டினார். வண்டிக் கொட்டகைத் தரை ஆட்டுக்கறிக் கடை போல ஆகிவிட்டது. அம்மா உள்ளே போய்விட்டார்.

கழுவி முடித்துக் காப்பி குடிக்கும்போது ஐயா கேட்டார்: "ஏன் தாயி, மயில்துத்தம் போட்டா கேக்காதா?"

"சதையை எரிக்கும் ஐயா. ஆனா ஓரத்துல காகிதம் மாதிரி புதுத்தோல் வருதுல்ல, அதையும் சேர்த்து எரிச்சிரும்."

"நான் போட்டு ஆறியிருக்கே?"

"உங்க குதிரையெல்லாம் என்ன உயரம்?"

ஐயா தன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். ஜட்காக் குதிரை எல்லாம் குட்டையான மட்டக்குதிரைதானே.

நான் எதிர்பார்க்காத பதில் வந்தது. மட்டக்குதிரைக்கும் பெரிய குதிரைக்கும் புண் ஆறுவதே வேறு மாதிரியாம். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டையும் வைத்து ஒப்பிட்டே பார்த்திருக்கிறார்கள். மட்டத்துக்கு அடிபட்ட உடனே வீக்கம் பலமாக வந்து சட்டென்று அடங்கிவிடும், புண்ணும் சீக்கிரம் சுருங்கி மூடும். பெரிய குதிரைக்கு வீக்கம் மந்தமாக வந்து வாரக்கணக்கில் அடங்காமல் கிடக்கும், அந்தச் சூட்டில்தான் சதை பொங்குகிறது. அதுவும் முட்டிக்குக் கீழே என்றால் கேட்கவே வேண்டாம். அங்கே தசை கிடையாது, ரத்த ஓட்டம் குறைவு, சும்மா நின்றாலும் தோல் அசைந்துகொண்டே இருக்கும், சாணமும் மண்ணும் பக்கத்திலேயே. இதே புண் வயிற்றிலோ தொடையிலோ பட்டிருந்தால் இந்நேரம் பாதி மூடியிருக்கும் என்றார்.

ஆக ஐயா சொன்னது பொய்யில்லை. அவர் குதிரைகள் ஆறத்தான் செய்தன, மயில்துத்தத்தையும் தாங்கிக்கொண்டு. செவலை குஜராத்தின் காத்தியவாரிக் குதிரைக் கலப்பு, ஐயாவின் தலைக்கு மேலே நிற்கிறது.

ஐயா காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு, "அப்ப அது வேற ஜாதிதான்" என்றார். குதிரையைச் சொன்னாரா டாக்டரைச் சொன்னாரா தெரியவில்லை.

செப்டம்பர் 2

கட்டுப் போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். முதலில் ஒட்டாத பாரஃபின் துணி, அதன் மேல் பஞ்சுச் சுருள் தாராளமாக, அதற்கு மேல் கிரேப் பேண்டேஜ். பஞ்சு குறைந்தால் பின்பக்கத் தசைநாண் அழுந்தி அங்கே தனியாக ஒரு புண் வரும். சுருக்கம் விழக் கூடாது. மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

கட்டு போட்டால் சதை அதிகம் வளரும் என்றும் ஒரு பேச்சு உண்டு. டாக்டரிடம் கேட்டேன், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறதாம், உள்ளே காற்றுப் போகாதது சதைக்கு வசதி. ஆனால் ஈயும் மண்ணும் அசைவும் அதைவிட மோசம் என்று கட்டச் சொல்கிறார். சீழ் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு ஸ்டீராய்டு களிம்பு, சில நாளைக்கு மட்டும், நடுச்சதையில் மட்டும், மெல்லிசாக. ஓரத்தில் படவே கூடாது, அது தோல் வளர்ச்சியையும் நிறுத்திவிடும்.

செப்டம்பர் 14

மறுபடி கொஞ்சம் பொங்கியிருக்கிறது. மறுபடி சீவல். அகலம் 3.2. இந்த முறை டாக்டர் சதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே அரிசிக் குறுணை போல மஞ்சள் மணிகள் இருந்தால் அது ஈ கொண்டுவந்து விடுகிற புழுவின் வேலையாம், அதற்கு வைத்தியம் வேறு. இல்லை. இருந்தாலும் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார், சார்காய்டு என்கிற தோல் கட்டியும் பார்க்க இப்படியே இருக்குமென்று. தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 30

கட்டி இல்லை. வெறும் சதைதான்.

இன்றுதான் அதைப் பார்த்தேன். புண்ணைச் சுற்றி ரோஜா நிறத்தில் நூல் அளவு ஒரு வளையம். அதுதான் புதுத்தோல். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் நகருமாம். தினம் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அளப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. மழை பிடித்துக்கொண்டது. செம்மண் சேறு. செவலை கொட்டகைக்குள்ளேயே நிற்கிறது, வெடிக்கு மிரளாமல் இருக்க ஐயாவும் அங்கேயே கட்டில் போட்டுவிட்டார்.

நவம்பர் 16

அகலம் 1.4. பொங்கவில்லை. நகராமல் நின்றுவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்த் தோல் ஒட்டு வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேவைப்படாது போலிருக்கிறது.

டிசம்பர் 21

5 மில்லிமீட்டர். பொங்கல் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவா என்று போன் வந்தது. ஐயா வாங்கிப் பேசி வைத்துவிட்டார். இந்த வருஷம் இல்லை.

ஜனவரி 11

மூடிவிட்டது. ஐந்து மாதமும் எட்டு நாளும்.

மூடிய இடம் சாம்பல் நிறத்தில், முடியில்லாமல், எண்ணெய்க் காகிதம் போலப் பளபளக்கிறது. அங்கே இனி முடி முளைக்காது, வேரே போய்விட்டது. லேசாக உரசினாலும் கிழியும் என்பதால், தேங்காய் எண்ணெய் தடவி, வெளியே போகும்போது மட்டும் துணி சுற்றுகிறேன்.

நேற்று ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். தழும்பைக் காட்டி இருபதாயிரம் குறைத்தார். "தழும்புல என்னய்யா இருக்கு, நடக்க விட்டுப் பாரு" என்று ஐயா தெரு முனை வரை ஓட்டிக் காட்டினார். நொண்டல் இல்லை. விலையும் ஏறவில்லை. அனுப்பிவிட்டோம்.

சாயங்காலம் பார்த்தால் ஹார்லிக்ஸ் பாட்டில் காலி. மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கரைத்துக் கொல்லையில் எலுமிச்சை மரத்துக்கு அடித்திருக்கிறார். இலையெல்லாம் நீலப் புள்ளி.