மாமாவின் பட்டறைக்கு 30, பெரிய கம்பெனிக்கு 22

அம்பத்தூரில் என் மாமாவும் அவருடைய நண்பரும் பார்ட்னர்ஷிப்பில் ஒரு லேத் பட்டறை நடத்துகிறார்கள். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு ஆட்கள். போன செப்டம்பரில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டும் வேலையாக அவரோடு ஆடிட்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். நகக்கண்ணில் ஆயில் கறை ஊறிப்போன கையால் செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏன் மாப்ளே, கம்பெனிக்கெல்லாம் வரியைக் குறைச்சாங்களே, அது நமக்குக் கிடையாதா?" என்று கேட்டார்.

கிடையாது. பார்ட்னர்ஷிப் என்றால் லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி.

அவர் கேட்ட வரிக்குறைப்பு 2019 செப்டம்பர் 20 அன்று வந்தது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவாவில் அறிவித்தார், அவசரச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். மற்ற சலுகைகள் வேண்டாம் என்று சொல்லும் கம்பெனிகளுக்கு 22 சதவீதம், புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். இதனால் அரசுக்கு வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்றும் அன்றைக்கே சொன்னார்கள். பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 1,900 புள்ளிகளுக்கு மேல் ஏறியது.

அதற்கு இரண்டரை மாதம் முன்னால் வந்த ஜூலை பட்ஜெட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு 400 கோடி வரை விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு 25 சதவீதம்தான் வரி என்று அதில் அறிவித்து, 99.3 சதவீதக் கம்பெனிகள் இதற்குள் வந்துவிடும் என்று பட்ஜெட் உரையிலேயே சொன்னார்கள். அப்படியானால் செப்டம்பரில் 30இலிருந்து 22க்கு இறங்கியது யாருக்கு? மிச்சமிருந்த 0.7 சதவீதத்துக்கு. நூறு கம்பெனிக்கு ஒன்றுகூட இல்லை. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிற விஷயம் இதுதான்.

முதலீடு வரும், வேலை வரும் என்பதற்காகத்தான் கொடுத்தோம் என்றார்கள். சரி, வேலை வருமென்றால் கொடுக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 15 சதவீதச் சலுகைக்குச் சட்டத்தில் போட்ட நிபந்தனைகளைப் பாருங்கள். 2024 மார்ச் 31க்குள் உற்பத்தி தொடங்க வேண்டும், பழைய மெஷின்களின் மதிப்பு மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மெஷினுக்கு அளந்து எழுதியவர்கள், எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை.

அப்புறம் என்ன ஆனது என்பதை அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது. 2023-24இல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22 சதவீதத்துக்கு மேல் கூடியது, வேலைவாய்ப்பு கூடியது 1.5 சதவீதம். அதே வருடம் தனிநபர்கள் கட்டிய வருமான வரி 10 லட்சம் கோடியைத் தாண்டியது, கம்பெனிகள் கட்டியது 9 லட்சம் கோடிச் சொச்சம். சம்பளக்காரர்கள், கடைக்காரர்கள் என்று தனிநபர்கள் எல்லோரும் சேர்ந்து எல்லாக் கம்பெனிகளையும்விட அதிகமாகக் கட்டியிருக்கிறோம்.

"நீங்களும் கம்பெனியா மாத்திக்கலாமே" என்றார் ஆடிட்டர். அதற்கான பதிவு, வருடாவருடம் ஆடிட், ரிட்டர்ன் செலவு எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வேலைக்கு ஆள் எடுத்தார்களா என்று பார்ப்பது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை. எத்தனை பேருக்கு பிஎஃப் கட்டுகிறார்கள் என்ற கணக்கு மாதாமாதம் அரசிடம் போகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தில் அந்தக் கணக்கை வைத்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் 1 லட்சம் கோடி. ஒரே வருடத்தில் 1.45 லட்சம் கோடியை விட்டுக்கொடுத்தபோதும் அதே கணக்கைப் பார்த்துக் கொடுத்திருக்கலாம்.