பிச்சாவரம் போகிறீர்களா? இருளர்களையும் தெரிந்துகொண்டு போங்கள்

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் சதுப்புநிலக் காடு சுமார் 15 கி.மீ. கிள்ளை வழியாகப் போகும் டவுன் பஸ் கிடைத்தால் விடாதீர்கள். சாதாரணக் கட்டண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. பஸ்ஸை விட்டால் ஆட்டோதான். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முதலிலேயே பேசி முடிக்காவிட்டால் பர்ஸ் காலி. படகுத்துறையிலும் டிக்கெட் வாங்கியபிறகு, "உள்ள குறுகலான வாய்க்காலுக்குக் கூட்டிப்போறேன், தனியா குடுங்க" என்று படகோட்டிகள் ஆரம்பிப்பார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தப் படத்தின் ஷூட்டிங் எங்கே நடந்தது என்று விலாவாரியாகச் சொல்கிறவர்கள், அதே வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீரில் நின்று வெறும் கையால் இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இது அநியாயம்.

தண்ணீர் வத்தும் நேரத்தில் போனால் பார்க்கலாம். கூட்டமாக இறங்கி, சுரபுன்னை மர வேர்களுக்கு அடியில் இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். கை பட்டதும் இறால் பின்பக்கமாகத் துள்ளும். அதற்குள் அமுக்கிவிட வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறி எனும் ஓலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுகிறார்கள். சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், கெளுத்தி முள் குத்தினால் கடுப்பு லேசில் அடங்காது. என்ன திறமை! சொந்தமாக வலையும் படகும் இல்லாததால் ஊர்க்காரர்கள் பலரை மீனவராகவே கணக்கில் எடுப்பதில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரியிடம்தான் இறாலைக் கொடுக்க வேண்டும். விலையை அவர்தான் சொல்வார்.

"பழங்குடின்னா மலையிலதானே இருப்பாங்க?" டெல்டாவில் படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இருளர் என்பதற்கு எந்த மாவட்ட எல்லையும் கிடையாது. மலையோ கடலோரமோ, உரிமை ஒன்றுதான். ஆனாலும் சாதிச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. பழங்குடியினருக்கு அதைத் தாசில்தார் கொடுக்க முடியாது. கோட்டாட்சியர்தான் (ஆர்.டி.ஓ.) கொடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றுடன் பதிவு செய்தபிறகு விசாரணை நடக்கும். அப்பா, அம்மா அல்லது ரத்த உறவினர் சான்றிதழ் எங்கே என்று கேட்கும்போதுதான் சிக்கல். பள்ளிக்கூடமே போகாத அப்பாவிடம் என்ன இருக்கும்? குடும்பத்தில் முதல் சான்றிதழ் கிடைத்துவிட்டால் அடுத்தவர்களுக்கு அதையே ஆதாரமாகக் காட்டலாம். கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு உதவித்தொகையும் இல்லை, 1 சதவீத இட ஒதுக்கீடும் இல்லை.

இந்தக் காடு இன்று பச்சையாக நிற்பதில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, உப்பு ஏறி, கன்று முளைக்காமல் போனது. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, கடலின் ஓதநீர் ஏறி இறங்க வழிசெய்தபிறகே காடு திரும்பியது. அந்தக் கால்வாய் வேலையில் இருளர்களும் இருந்தார்கள்.

தயவுசெய்து ஈரத்துணியோடு நிற்கும் பெண்களை ஜூம் செய்து படம் எடுக்காதீர்கள். இறால் விற்க வந்தால், ஹோட்டலில் ஒரு தட்டு இறால் வறுவலுக்கு வாய்திறக்காமல் கொடுக்கும் காசை நினைத்துக்கொள்ளுங்கள், பேரம் வேண்டாம்.

திரும்பும் வழியில் சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் கட்டாயம். அப்படி ஒரு ருசி! பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களைப் பார்த்தால் அவர்களிடமும் பேசுங்கள். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தவர்கள், 2023 ஜனவரியில்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தார்கள். பழைய சான்றிதழ் இனி உதவாது. புதிதாகக் கோட்டாட்சியரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள், விசாரணைக்கு வரும் நாளில் வீட்டில் இல்லாவிட்டால் மனு அப்படியே நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் போன் நம்பரையும் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.