கயிற்று டிரம்மில் ருடிமென்ட் பயிற்சி: இதுவரை கற்றது

அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர்களில், ஃபைஃப் என்னும் சிறிய மரக்குழலும் கயிற்றால் இழுத்துக் கட்டிய டிரம்மும் சேர்ந்து ஒலிக்கும் அணிவகுப்புக் குழுக்கள் பல தலைமுறைகளாக இயங்கி வருகின்றன. மூடஸ் என்னும் ஊரின் குழு 1860ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. டீப் ரிவர் என்னும் ஊரில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையன்று இத்தகைய குழுக்கள் ஒன்றுகூடித் தெருவழியே வாசித்துச் செல்கின்றன. இந்த மாநிலத்துக்குக் குடிவந்த பிறகு அந்த ஒலியால் ஈர்க்கப்பட்டு, உள்ளூர்க் குழு ஒன்றில் நீண்ட காலம் வாசித்த ஒரு பெரியவரிடம் ஸ்நேர் டிரம்மின் அடிப்படை அடிகளைக் கற்று வருகிறேன். ருடிமென்ட் என்று அழைக்கப்படும் அந்த அடிகளை எந்த டிரம்மிலும் பயிலலாம் என்றாலும், அவை உருவான பழைய வகை டிரம்மிலேயே பயில வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். அந்த உறுதிக்குக் காரணம் கைகளின் வழியாக எனக்கு விளங்கிவந்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் டிரம்மின் விட்டம் 16 அங்குலம். உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மேப்பிள் மரத்தை வளைத்து ஒட்டிய உடல், மேலும் கீழும் கன்றுத்தோல், தோல் சுற்றப்பட்ட உள்வளையத்தின்மேல் அமர்ந்து அதை அழுத்தும் அகன்ற மர வெளிவளையம், இரண்டு வெளிவளையங்களுக்கும் இடையே மேலும் கீழுமாக ஏறியிறங்கிச் சுற்றிவரும் ஒரே கயிறு: இவ்வளவுதான் அதன் அமைப்பு. உடலின் நடுவே காற்று வெளியேற ஒரு சிறு துளை உண்டு. கீழ்த்தோலின் குறுக்கே முறுக்கிய குடல் நரம்புகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. மேல்தோலில் விழும் அடியால் கீழ்த்தோல் அதிரும்போது அந்த நரம்புகள் அதில் மோதி எழுப்பும் உலர்ந்த, கனமான படபடப்பே இந்த டிரம்மின் குரல். இன்றைய ஸ்நேர் டிரம்களில் உள்ள கம்பிச் சுருள்கள் எழுப்பும் மெல்லிய சரசரப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே அடியில் உணர்ந்துவிடலாம்.

கயிற்றை இறுக்குவதற்குத் தடித்த தோலால் செய்த காதுகள் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு காதும் அடுத்தடுத்த இரண்டு கயிற்று இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். இழைகள் குவியும் முனையிலிருந்து விரியும் பக்கமாகக் காதை இழுத்தால் இழைகள் நெருங்கிக் கயிறு இறுகும். திரும்பத் தள்ளினால் தளரும். வாசிப்பதற்கு முன் டிரம்மை இரண்டு முழங்கால்களுக்கும் இடையே நிறுத்திக்கொண்டு, ஒரு காதைச் சிறிதளவு இழுத்துவிட்டு அதற்கு நேரெதிரில் உள்ள காதுக்குப் போய், பின் அதன் பக்கத்துக் காது, மீண்டும் அதற்கு எதிரில் உள்ளது என்று சுற்றி வருகிறேன். ஒரே பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டால் வளையம் சாய்ந்து உட்காரும். பழைய காது வழுவழுப்பாகி எளிதில் நகரும். புதிய தோலில் செய்த காதைக் கட்டைவிரலின் முழு வலுவோடு அழுத்தித்தான் இறக்க வேண்டும். ஒவ்வொரு காதின் அருகிலும் தோலின் ஓரத்தைக் குச்சியின் நுனியால் தட்டிப் பார்த்து, ஒலி எல்லா இடத்திலும் ஒத்துவரும்வரை இது தொடரும்.

ஒரே கயிறு என்பதால் மேல்தோலும் கீழ்த்தோலும் சேர்ந்தே இறுகுகின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றைச் சுருதி சேர்க்க வழியில்லை. ஆகவே கீழே மெல்லிய தோலும் மேலே அதைவிடத் தடித்த தோலும் போடுவது வழக்கம். தவிலில் தோல்வாரின் இடத்தைப் போல்ட்டும் நட்டும் பிடித்துக்கொண்டதைப் போலவே, இங்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே உலோகத் திருகுகள் வந்துவிட்டன. ஆயினும் கனெக்டிகட்டின் பழைய பாணிக் குழுக்கள் கயிற்றை விடவில்லை.

கன்றுத்தோல் காற்றின் ஈரத்துக்கு உடனே இசைந்து கொடுக்கும். கோடைக்காலத்தின் புழுக்கமான மாலையில் தோல் தொய்ந்து, எல்லாக் காதுகளையும் கடைசிவரை இறக்கினாலும் ஒலி அடங்கியே இருக்கும். பனிக்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் கருவி காற்றை உலர்த்திவிடுவதால் தோல் தானாகவே விறைத்துக்கொள்ளும். அப்போது காதுகளைத் தளர்த்தாமல் விட்டால் தோல் கிழியக்கூடும். மழையில் நனைந்துவிட்டால் கயிற்றைத் தளர்த்தாமல் இறுக்கத்திலேயே மெதுவாக உலர விட வேண்டும் என்பது ஆசிரியர் வற்புறுத்திச் சொன்ன விதி. தளர்த்திவிட்டால் தோல் சுருங்கி, வளையத்தின்மேல் மடிந்து நிற்கும் விளிம்பு போய்விடும். பல குழுக்கள் இந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பிளாஸ்டிக் தோலுக்கு மாறிவிட்டன. தெருவில் எந்த வானிலையிலும் வாசிக்க வேண்டியவர்களுக்கு அது நியாயமான முடிவுதான். கற்பவருக்குக் கன்றுத்தோலே நல்லது என்று நான் கருதுவதற்கு இனி வரும் செய்தியே காரணம்.

பயிற்சியில் முதலாவதும் மிக நீண்டதுமான பாடம் லாங் ரோல் என்னும் தொடர் உருட்டு. வலது இரண்டு, இடது இரண்டு, வலது இரண்டு, இடது இரண்டு என்று தொடர்ந்து அடிப்பதே அது. மிக மெதுவாகத் தொடங்கி, ஒவ்வோர் அடியும் தனித்துக் கேட்கும்படி சிறிது சிறிதாக வேகம் கூட்டி, உருட்டு ஒரே ஒலியாக மூடிக்கொள்ளும் எல்லை வரை போய், அதே நிதானத்தோடு தொடங்கிய இடத்துக்கு இறங்கி வர வேண்டும். ஏறுவதைவிட இறங்குவது கடினம். கை ஒரு வேகத்துக்குப் பழகியதும் அங்கேயே நின்றுவிடப் பார்க்கிறது, அல்லது திடீரென்று பாதி வேகத்துக்கு விழுந்துவிடுகிறது.

ரப்பர் பலகையிலும், இன்றைய அணிவகுப்புக் குழுக்களின் மிக இறுக்கமான செயற்கைத் தோலிலும் குச்சி தானாகவே எம்பித் திரும்பும். ஆகவே இரட்டை அடியின் இரண்டாவது அடியைக் குச்சியே போட்டுக்கொள்ளும். கயிற்று டிரம்மின் கன்றுத்தோல் அவ்வளவு எம்பலைத் தராது. இரண்டாவது அடியையும் மணிக்கட்டாலும் விரலாலும் நாமே போட்டாக வேண்டும். போடாவிட்டால் அது முதல் அடியின் நிழலைப் போல மெலிந்து கேட்கும், அந்தக் குறையைக் குடல் நரம்புகள் மறைக்காமல் காட்டிவிடும். அதனால் இரட்டையின் இரண்டாவது அடியைச் சற்று அழுத்தி வாசிக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டது. மெதுவான வேகத்தில் மிகையாகத் தோன்றும் அந்த அழுத்தம், வேகம் கூடும்போது இரண்டு அடிகளையும் சமமாக ஒலிக்க வைக்கிறது. டிரம் கையில் இல்லாத நேரங்களில் தலையணையின்மேல் இதையே பயில்கிறேன். தலையணையில் எம்பலே இல்லை என்பதால் ஒவ்வோர் அடியையும் கையே தூக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

இடதுகைதான் நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. இந்த டிரம்மைத் தோள்வாரில் மாட்டி இடது தொடையின் பக்கமாகச் சாய்த்துத் தொங்கவிட்டே நடப்பார்கள். மேல்தோல் வலப்புறமாகச் சரிந்திருப்பதால், உயர்ந்து நிற்கும் இடப்பக்க வளையத்தில் கை இடிக்காமல் இருக்க உள்ளங்கை மேல்நோக்கியபடி குச்சியைப் பிடிக்கும் முறை உருவாயிற்று. குச்சி கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டில் இருக்கும். மோதிரவிரலின் கணு அதைக் கீழிருந்து தாங்கும். சுட்டுவிரலும் நடுவிரலும் மேலிருந்து மென்மையாக வளைந்து நிற்கும். பூட்டில் சாவியைத் திருப்புவது போல முன்கை சுழல்வதால் அடி பிறக்கிறது. மேசைமேல் டிரம்மை நேராக வைத்து வாசிப்பவருக்கு இந்தப் பிடி தேவையற்ற பழைய வழக்கமாகத் தோன்றலாம். தோள்வாரில் மாட்டி நடந்து பார்த்தால் அதன் பொருத்தம் உடனே புலப்படும்.

உருட்டு ஓரளவு நிலைத்த பிறகு எண்ணிக்கை உருட்டுகள் வந்தன. ஐந்தடி உருட்டு வலம் வலம், இடம் இடம், வலம் என்று தொடங்கிய கையிலேயே முடிவதால், அடுத்தது மறுகையில் தொடங்கும். ஏழடி உருட்டோ இடதில் தொடங்கி வலதில் முடியும். அதைப் பழைய முறையில் எப்போதும் இடதிலேயே தொடங்குகிறார்கள். பத்தடி உருட்டின் முடிவில் இரண்டு அழுத்தமான ஒற்றை அடிகள் உண்டு. ஃபிளாம் என்பது சிறிய அடி ஒன்றும் பெரிய அடி ஒன்றும் மிக நெருங்கி விழுவது. ஒரு குச்சி தோலுக்கு மிக அருகிலும் மற்றது உயரத்திலும் நின்று, இரண்டும் சேர்ந்தே கிளம்பினால் அந்த நெருக்கம் தானே அமைந்துவிடுகிறது. பாரடிடில், ரட்டமக்யூ போன்ற பெயர்கள் அந்தந்த அடியின் ஒலியையே சொல்வதால், சொற்கட்டைச் சொல்லிப் பழகிய மிருதங்க மாணவரைப் போல வாயால் சொல்லிக்கொண்டே அடிக்க முடிகிறது. மூன்று ஓட்ட அடிகளுக்குப் பின் அழுத்தம் விழும் ரட்டமக்யூவுக்கு இது பெரிதும் உதவியது.

இந்த அடிகளின் பட்டியல் ஒரே நாளில் அமைந்ததன்று. சார்லஸ் ஆஷ்வர்த் 1812இலும், புரூஸ், எம்மெட் இருவரும் 1862இலும் வெளியிட்ட பயிற்சி நூல்களில் இவற்றில் பல இடம்பெற்றுள்ளன. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நியூயார்க் துறைமுகத்திலுள்ள கவர்னர்ஸ் தீவில் படைக்கான சிறுவர்கள் டிரம்மும் ஃபைஃபும் கற்றனர். போருக்குப் பிறகு கார்டினர் ஸ்ட்ரூப் 25 பாடங்களாக இவற்றை ஒழுங்குபடுத்தினார். 1933இல் சிகாகோவில் கூடிய டிரம் கலைஞர்கள் ஒரு சங்கம் அமைத்து, இன்றியமையாதவை 13, அவற்றோடு மேலும் 13 என்று மொத்தம் 26 அடிகளை வரையறுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு இன்றும் ‘பாடம் 25’ என்பதே பெயர். ஸ்ட்ரூப் இட்ட எண் அப்படியே தங்கிவிட்டது. 1984இல் வந்த 40 அடிகளின் பட்டியலை இப்போது உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். என் பயிற்சி 26 அடிகளின் பட்டியலோடு நிற்கிறது. கயிற்று டிரம்மின் பழைய பாடல்களுக்கு அதற்கு மேல் அரிதாகவே தேவைப்படுகிறது.

குச்சியை எவ்வளவு உயரம் தூக்குவது என்பதில் கனெக்டிகட் பாணி தனித்து நிற்கிறது. எர்ல் ஸ்டர்ட்ஸ் போன்ற ஆசிரியர்களின் மரபில் வந்தவர்கள் அழுத்த அடிகளுக்குக் குச்சியைக் கண்மட்டம் வரை உயர்த்துகிறார்கள். பார்வைக்கு அழகு என்பதற்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை. கனமான ஹிக்கரிக் குச்சி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஆழமான அந்த உடலும் தடித்த தோலும் முழுமையாக விழித்து ஒலிக்கின்றன. உயரமாகத் தூக்குவதற்கு நேரம் வேண்டும் என்பதால் வேகமும் குறைகிறது. பழைய பாணிக் குழுக்கள் நிமிடத்திற்கு 110 காலடி என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ நடக்கின்றன. மூடஸ் குழுவின் நடை இன்னும் நிதானமானது. உயரமும் நிதானமும் ஆழ்ந்த ஒலியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இந்த டிரம்மில் வாசித்தபோதுதான் நான் உணர்ந்தேன். சிறிய, இறுக்கமான டிரம்மில் அதே அடிகளைத் தாழ்வாகவும் வேகமாகவும் வாசிக்கலாம். அது வேறொரு கலை, அதற்கும் மேன்மை உண்டு. ஆனால் ஐந்தடி உருட்டின் ஐந்து அடிகளும் திறந்து, தனித்தனியே கேட்கும் இன்பம் எனக்கு இங்கேதான் கிடைக்கிறது.

இப்போது ‘மூன்று முகாம்கள்’ என்னும் பழைய படைப்பாடலை வாசித்து வருகிறேன். படைவீரர்களை விடியற்காலையில் எழுப்பும் முழக்கத்தின் தொடக்கப் பகுதி அது. ஐந்தடி, பத்தடி, பதினோரடி உருட்டுகளே அதில் மிகுதி என்பதால் தொடர் உருட்டில் பெற்ற தேர்ச்சி முழுவதையும் அது சோதிக்கிறது. முதல் முகாம் சீராக வருகிறது. இரண்டாவதில் உருட்டுகளின் வரிசை மாறுவதால், பத்தடி உருட்டின் இறுதியில் வரும் இரண்டு அழுத்தங்களில் இடதுகை அழுத்தம் இன்னும் வலதைவிட மெலிந்தே ஒலிக்கிறது. அதற்காக அந்த இரண்டு அடிகளை மட்டும் பிரித்தெடுத்து, இடதுகுச்சியை வலதின் உயரத்துக்குச் சரியாகத் தூக்கி நிறுத்திவிட்டு அடிக்கும் பயிற்சியைக் கண்ணாடியின் முன் நின்று செய்து வருகிறேன். ஃபைஃப் வாசிப்பவரோடு சேர்ந்து வாசிக்கும்போது அவருடைய மூச்சு தாளத்தின் நிதானத்தைக் காத்துவிடுகிறது. தனியாக வாசிக்கும்போது மூன்றாம் முகாமுக்குள் வேகம் கூடிவிடுவதால் மெட்ரோனோமை 96இல் வைத்துப் பயில்கிறேன். இந்தப் பாடல் அமைந்த பிறகு, ஃபிளாம் வகை அடிகள் மிகுந்த ‘கனெக்டிகட் ஹாஃப்டைம்’ என்னும் பாடலைத் தொடங்கலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.