“இன்னொரு பாட்டில் போடலையா, சிஸ்டர்?”

போன ஆடி கடைசியில் ஒரு பாட்டியம்மாவை எங்கள் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுவந்தார்கள். மூத்திரத்தில் கிருமி, குளிர்காய்ச்சல், மேல் பி.பி. 70-ஐத் தாண்டவில்லை. பத்து விரல் நுனியிலும் மருதாணித் தொப்பி. பேத்தி முந்தின ராத்திரி வைத்துவிட்டதாம், நன்றாகச் சிவந்திருந்தது. உடம்பில் ரத்த ஓட்டம் போதுமா என்று பார்க்க, வழக்கம்போல வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து நுனியை அழுத்தினேன், விட்டேன். வெளுத்த தோலுக்கு எத்தனை விநாடியில் நிறம் திரும்புகிறது என்பதுதான் கணக்கு. ஒன்றும் புரியவில்லை. தோல் வெளுத்ததா, நிறம் திரும்பியதா என்று மருதாணிக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பார்த்தோம். விரலுக்குச் சொல்லப்பட்ட கணக்கு அங்கே அப்படியே செல்லாது என்று தெரிந்தும், வேறு வழியில்லை.

அன்றைக்கு டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் அந்த மருதாணி என் கண்ணிலேயே பட்டிருக்காது. விரலைத் தொட்டே இருக்க மாட்டேன். பாட்டிலைத் தொங்கவிட்டிருப்பேன், அது முடிந்ததும் அடுத்தது.

நான் நர்ஸாகி பதினேழு வருஷம் ஆகிறது. அதில் பெரும்பகுதி ஐ.சி.யூ.தான். இத்தனை வருஷத்தில் அட்டெண்டர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி “பிழைச்சுக்குவாங்களா?” அல்ல, “இன்னொரு பாட்டில் போடலையா, சிஸ்டர்?” என்பதுதான். நம் ஊரில் டிரிப்ஸ் ஏறுகிறது என்றால் வைத்தியம் நடக்கிறது என்று அர்த்தம். பாட்டில் சொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, மனசுக்குத் தெம்பாக இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்களும் அதையேதான் நம்பினோம்.

எங்களுக்கு அந்த நம்பிக்கை படிப்பிலிருந்து வந்தது. 2001-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இமானுவேல் ரிவர்ஸ் என்ற மருத்துவர் செப்சிஸ், அதாவது கிருமித்தொற்று உடம்பு முழுக்கப் பாதித்து உறுப்புகளைக் கெடுக்கிற நிலையில் வந்த 263 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். முதல் ஆறு மணி நேரத்துக்குள் இலக்கு வைத்துத் திரவம், மருந்து, தேவைப்பட்டால் ரத்தம் என்று தீவிரமாகக் கொடுத்தவர்களில் இறப்பு 30.5 சதவீதம், வழக்கமான வைத்தியத்தில் 46.5 சதவீதம். உலகமே அதன் பின்னால் போனது. ‘கிலோவுக்கு 30 மில்லி, முதல் மூன்று மணி நேரத்தில்’ என்ற விதி வந்தது. அறுபது கிலோ ஆளுக்கு 1,800 மில்லி. நாலு அரை லிட்டர் பாட்டிலில் ஏறக்குறைய முழுசும். இதயம் பலவீனமான ஆளா, சிறுநீரகம் கெட்ட ஆளா என்றெல்லாம் நாங்கள் அப்போது அதிகம் யோசிக்கவில்லை.

2011-இல் வந்ததுதான் ஃபீஸ்ட் ஆய்வு. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கையை நிறுத்தியது இதுதான்.

கென்யாவில் கிலிஃபியை மையமாக வைத்து வேலை செய்கிற கேத்ரின் மெயிட்லேண்டும் அவருடைய கூட்டாளிகளும் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாட்டு மருத்துவமனைகளில் இதை நடத்தினார்கள். கடும் காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் குறைந்த நிலையில் வந்த குழந்தைகள். பெரும்பாலும் மலேரியா, பலருக்குக் கடும் ரத்த சோகை. மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சலைன் என்கிற உப்புநீரை வேகமாக ஏற்றினார்கள், இன்னொன்றுக்கு ஆல்புமின் என்கிற ரத்தப் புரதக் கரைசலை. மூன்றாவது பிரிவுக்கு அப்படி வேகமாக எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக், மலேரியா மருந்து, தேவையான ரத்தம், தினசரித் தேவைக்கு மெதுவாக ஓடுகிற டிரிப்ஸ் எல்லாம் மூன்று பிரிவுக்கும் உண்டு. வேகமாக ஏற்றினால் நல்லது நடக்கும் என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

3,141 குழந்தைகளைச் சேர்த்த நிலையில் கண்காணிப்புக் குழு ஆய்வை நிறுத்தச் சொல்லிவிட்டது. 48 மணி நேரத்தில் ஆல்புமின் பிரிவில் 10.6 சதவீதம், சலைன் பிரிவில் 10.5 சதவீதம் குழந்தைகள் இறந்திருந்தார்கள். வேகமாக எதுவும் ஏற்றாத பிரிவில் 7.3. நூறு குழந்தைக்கு மூன்று குழந்தை கூடுதல். அந்த மூன்று பேரை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். அந்த பாட்டிலைத் தொங்கவிட்டதும் என்னைப் போல ஒரு நர்ஸாகத்தான் இருந்திருப்பாள். தான் ஏதோ நல்லது செய்கிறோம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

பெரிய விவாதம் கிளம்பியது. “அது ஆப்பிரிக்கக் குழந்தைகள், மலேரியா, வென்டிலேட்டர் இல்லாத வார்டு, நமக்குப் பொருந்தாது” என்றார்கள். எனக்கு அந்த வாதம் தலைகீழாகத்தான் படுகிறது. நம் நாட்டில் எத்தனை சின்ன ஊர் மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் இருக்கிறது? கையில் அது இல்லாத இடத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. நுரையீரலில் நீர் கோத்துத்தான் இறந்திருப்பார்கள் என்று பலரும் நினைத்தார்கள். 2013-இல் அதே குழு இறப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, கூடுதல் இறப்புக்கு முக்கியக் காரணம் ரத்த ஓட்டம் நிலைகுலைந்து போனதுதான் என்று தெரிந்தது. எதைச் சரிசெய்யக் கொடுத்தோமோ அதையே கெடுத்திருக்கிறது.

“குழந்தைகளுக்கு மட்டும்தானே?” என்றவர்களுக்கு 2017-இல் ஜாம்பியாவிலிருந்து பதில் வந்தது. லுசாக்காவில் செப்சிஸும் குறைந்த பி.பி.யுமாக வந்த பெரியவர்களில் அதிகத் திரவமும் மருந்துமாகத் திட்டம் போட்டுக் கொடுத்த பிரிவில் இறப்பு 48.1 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 33. பணக்கார நாடுகளில் செய்த பெரிய ஆய்வுகள் இவ்வளவு கலங்கடிக்கவில்லை. 2022-இல் ஐரோப்பாவில் வந்த கிளாசிக், 2023-இல் அமெரிக்காவில் வந்த க்ளோவர்ஸ் இரண்டிலும் குறைவாகக் கொடுத்தாலும் தாராளமாகக் கொடுத்தாலும் இறப்பு ஒன்றுபோலத்தான் இருந்தது. அதைப் பார்த்து “அப்போ எப்படிக் கொடுத்தாலும் சரி” என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு என்று வைத்துச் சராசரி பார்த்தால் ஒருவருக்கு நடந்த நன்மையும் இன்னொருவருக்கு நடந்த கெடுதலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். என் முன்னால் இருக்கிற கட்டிலில் படுத்திருப்பது சராசரி அல்ல.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2016. சர்க்கரை நோயாளி, காலில் புண், அதிலிருந்து செப்சிஸ். நான் வேலை பார்த்த இடத்தில் அல்ல, வேறு ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் நாள் பி.பி. இறங்கியபோது டிரிப்ஸ் போட்டார்கள், ஏறியது. மறுநாள் திரும்ப இறங்கியது. அங்கே இருந்த நர்ஸிடம் நானே கேட்டேன்: “இன்னொரு பாட்டில் போடலாமே?” போட்டார்கள். மூன்றாம் நாள் அப்பாவின் கை ஊதி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. சோப்பு போட்டார்கள். நூலைச் சுற்றிக் கழற்றுகிற வித்தையை நானே செய்து பார்த்தேன். முடியவில்லை, விரல் நீலமாகிக்கொண்டு வந்தது. கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம். அன்று ராத்திரி மூச்சுத் திணறி வென்டிலேட்டர். பதினோரு நாள்.

அப்பா பிழைத்து வந்தார். அந்தத் தண்ணீரால்தான் வென்டிலேட்டர் வரை போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. செப்சிஸே அதைச் செய்யும். ஆனால் ஃபீஸ்ட் வெளியாகி அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை. வெட்டுப்பட்ட மோதிரம் பீரோவில் இருக்கிறது, அம்மா இன்னும் அதை ஒட்ட வைக்கக் கொடுக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாந்தி பேதியில் வற்றிப்போய் வருகிறவருக்கு டிரிப்ஸ் உயிர். 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்தில் தாமஸ் லாட்டா காலரா நோயாளிகளின் நரம்பில் உப்புநீர் ஏற்றியதிலிருந்து அது நிரூபணமான விஷயம். ஃபீஸ்ட் ஆய்விலும் வயிற்றுப்போக்குக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறபோதும் கணக்குப் பார்த்துக் கொடுத்தே ஆக வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் பாட்டிலைப் பிடுங்கச் சொல்ல வேண்டாம். கேள்வி, எங்கே நிறுத்துவது என்பதுதான்.

அந்தக் கேள்விக்குத்தான் விரல். சிலியின் சாந்தியாகோவில் கிளென் ஹெர்னாண்டஸ் குழுவினர் நடத்திய ஆந்த்ரோமெடா ஷாக் ஆய்வு 2019-இல் வந்தது. ஐந்து தென் அமெரிக்க நாடுகள், 28 மருத்துவமனைகள், 424 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு ரத்தத்தில் லாக்டேட் (ரத்த ஓட்டம் குறைந்தால் கூடுகிற ஒரு பொருள்) அளவு பார்த்து வைத்தியம், இன்னொன்றுக்கு விரல் நுனியை அழுத்திப் பார்த்து வைத்தியம். லாக்டேட் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, விரல் அரை மணிக்கு ஒரு தடவை. லாக்டேட் இறங்க நேரம் எடுக்கும். உடம்பு தேறிய பிறகும் எண் அதிகமாகவே நிற்கும், நாம் எண்ணைத் துரத்திக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருப்போம். விரல் உடனே சொல்லிவிடும். 28 நாளில் இறப்பு விரல் பிரிவில் 34.9 சதவீதம், லாக்டேட் பிரிவில் 43.4. வித்தியாசம் தற்செயலாக வந்ததில்லை என்று ஏற்க புள்ளிவிவரக் கணக்கில் வைத்திருக்கிற 0.05 என்கிற கோட்டுக்குள் வராமல் 0.06-இல் நின்றுவிட்டதால் ‘நிரூபணமாகவில்லை’ என்று எழுதினார்கள். வருஷக்கணக்கில் அதைப் பற்றிச் சண்டை. 2021-இல் உலக செப்சிஸ் வழிகாட்டுதலும் விரலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்த 30 மில்லி விதியையும் வலுவான பரிந்துரை என்ற இடத்திலிருந்து பலவீனமான பரிந்துரை என்ற அளவுக்கு இறக்கியது. 2025-இல் 19 நாடுகளில் ஏறக்குறைய 1,500 பேரோடு இரண்டாவது ஆந்த்ரோமெடா வந்தது. இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் விரலைப் பார்த்து வைத்தியம் செய்யப்பட்ட நோயாளிகள் பி.பி. ஏற்றும் மருந்து, வென்டிலேட்டர், டயாலிசிஸ் போன்ற துணைகளிலிருந்து சீக்கிரம் விடுபட்டார்கள். உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை என்பதை நான் மறைக்கவில்லை. வென்டிலேட்டரில் ஒரு நாள் குறைவது என்றால் என்ன என்று பதினோரு நாள் வெளியே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

செய்முறை எளிது, ஆனால் ஏனோதானோ என்று செய்தால் பலனில்லை. முன்னெல்லாம் நான் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு “மூணு செகண்ட்” என்பேன், பக்கத்தில் நிற்கிற சிஸ்டர் “நாலு” என்பார். இப்போது லேபில் கேட்டு வாங்கிய கண்ணாடி ஸ்லைடு ஒவ்வொரு கட்டிலிலும் இருக்கிறது. அதை விரலின் உள்பக்க நுனியில் வைத்து, கண்ணாடி வழியாகத் தோல் வெளுப்பது தெரிகிற அளவு அழுத்தி, அப்படியே பத்து விநாடி. எடுத்ததும் வாட்ச். கறுத்த தோலிலும் உள்பக்க நுனியில் நன்றாகவே தெரியும். ஏ.சி. குளிரில் கை சில்லிட்டிருந்தால் கணக்கு தப்பும், அதனால் போர்வைக்குள் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பார்க்கிறேன். டார்ச் வேண்டும். மூன்று விநாடிக்குள் நிறம் திரும்பினால் அடுத்த பாட்டிலைப் பற்றி டாக்டரிடம் ஒரு தடவை கேட்காமல் தொங்கவிடுவதில்லை.

நேற்று ராத்திரி நாலாம் கட்டில். முப்பது வயசுப் பையன், நிமோனியா. அவன் அண்ணன் வந்து பாட்டில் காலியாகி ஒரு மணி நேரமாகிறது என்றார், கோபமாக. கையைக் கழுவச் சொல்லி உள்ளே கூட்டிவந்தேன். ஸ்லைடை அவர் கையில் கொடுத்து, தம்பியின் விரலில் வைத்து அழுத்தச் சொன்னேன். பத்து எண்ணினோம். எடுத்தார்.

“ஒண்ணு... ரெண்டு...” என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே விரல் சிவந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, நான் சொல்லாமலேயே, இன்னொரு தடவை அழுத்தினார்.