கோபால்ட் பொடியில் எக்கோ: சிக்னலின் உயரத்தை நம்பலாமா?

கோபால்ட், இரும்பு போன்ற ஃபெர்ரோ காந்தத்தில் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் உள்ள அணுக்கரு, குறிப்பிட்ட அதிர்வெண் ரேடியோ அலைக்கு இசைந்து அதிரும் ஒத்ததிர்வு) பார்க்கப் பெரிய மின்காந்தம் வேண்டியதில்லை. 1959-இல் இயற்பியலாளர்கள் கோசார்டும் போர்ட்டிஸும் கோபால்ட்டில் இந்த ஒத்ததிர்வைக் கண்டதே வெளிப்புலம் இல்லாமல்தான். அணுவின் எலக்ட்ரான்களே கருவின்மேல் 21 டெஸ்லா அளவுக்குப் புலம் போடுகின்றன. எஃப்சிசி (முகமையக் கனசதுரப் படிக அமைப்பு) கோபால்ட் அறை வெப்பத்தில் 213 மெகாஹெர்ட்ஸ் அருகிலும், திரவ ஹீலியத்தில் 217-இலும் சிக்னல் தரும்.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது அடுத்த படியில்: சிக்னலின் உயரத்தை அணுக்களின் எண்ணிக்கையாக வாசித்துவிடுகிறார்கள். ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) புலம் எலக்ட்ரான் காந்தத்தைச் சற்றே சாய்க்க, அதனோடு அந்த 21 டெஸ்லாவும் சாய்கிறது. கருவை ஆட்டுவது பெரும்பாலும் அதுதான். டொமைனுக்குள் (காந்தத் திசை ஒன்றாக இருக்கும் பகுதி) இந்தப் பெருக்கம் நூற்றுக்கணக்கில். இரு டொமைன்களின் எல்லையான டொமைன் சுவரிலோ ஆயிரம் முதல் பல்லாயிரம் மடங்கு, ஏனென்றால் சுவர் துளி நகர்ந்தாலே அங்குள்ள ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள்) பெரிய கோணம் திரும்பிவிடும். பொடியில் மிகச் சிறு பங்கான சுவர்தான் திரையை நிறைக்கிறது. (இரும்பு-57 இயற்கையில் 2 சதவீதமே இருந்தும் 45 மெகாஹெர்ட்ஸில் தெரிவது இந்தத் தயவில்தான்.)

பெருக்கம் இடத்துக்கு இடம் மாறுவதால் முதல் பல்ஸ் கருவை 90 பாகையும் அடுத்தது 180 பாகையும் திருப்பும் வழக்கமான 90–180 பல்ஸ் கணக்கு இங்கே செல்லாது. ஒரு மைக்ரோ விநாடி அளவில் சம நீளமுள்ள இரண்டு பல்ஸ், பத்து மைக்ரோ விநாடி இடைவெளி, இதில் தொடங்கலாம். பிறகு ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் காயிலை மறுபடி ட்யூன் செய்து, பவரைப் படிப்படியாக ஏற்றி, எக்கோ (இரண்டாம் பல்ஸுக்குச் சற்றுப் பின் கருக்கள் திருப்பித் தரும் சிக்னல்) உச்சம் தொடும் ஆர்எஃப் புலத்தைக் குறிக்க வேண்டும். உச்ச உயரத்தை அந்தப் புலத்தால் பெருக்கி, அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் அணுக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற மதிப்பு வரும். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாத எஃப்சிசி–எச்சிபி (அறுகோண நெருக்கப் படிக அமைப்பு) விகிதத்தை நாங்கள் ஏற்பதில்லை.

213 மெகாஹெர்ட்ஸில் ஆர்எஃப் கோபால்ட்டுக்குள் 9 மைக்ரான்கூட நுழையாது; காந்த ஊடுருதிறன் அதை இன்னும் குறைக்கும். ஆகவே நுண்பொடியாக்கி, உருக்கிய பாரஃபின் மெழுகில் கலந்து உறையவிட வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று தொட்டால் சுழல் மின்னோட்டம் தலைகாட்டும். தளர்ந்து கிடந்தால் பல்ஸ் படும்போது அவையே அதிர்ந்து, எக்கோ போலவே ஒரு வாலை விடும்.

வாலையும் எக்கோவையும் பிரிக்க இடைவெளியை மாற்றிப் பார்க்கலாம்: எக்கோ தள்ளிப்போகும், வால் பல்ஸை ஒட்டியே நிற்கும். முதல் பல்ஸின் கட்டத்தை (ஃபேஸ்) 180 பாகை புரட்டிக் கழித்தால், இரண்டாம் பல்ஸின் வால் மறைந்து எக்கோ மிஞ்சும்.

வருவது சுவரின் சிக்னலா என்று அறிய வெளிப்புலம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுவர்கள் துடைக்கப்பட்டு உயரம் சரியும். எஞ்சும் டொமைன் சிக்னல், வெளிப்புலம் காந்தநீக்கப் புலத்தைத் (துகளின் காந்தமே உள்ளே எதிர்த்திசையில் உண்டாக்கும் புலம்) தாண்டிய பிறகே நகரத் தொடங்கி, டெஸ்லாவுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் வீதம் கீழிறங்கும்.