டீசலைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

குழாய் வெடிக்க வேண்டுமானால் பம்ப் அளவுக்கு மீறித் தள்ள வேண்டும் என்றே மலேசியாவில், ரந்தாவில் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். போர்ட்டிக்சன் பக்கம் எரிபொருள் முனையம் ஒன்றில் வால்வு பராமரிப்பவன் என்பதால், தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வரும். பம்ப்பைவிட நான் அஞ்சுவது, ஓடுகிற டீசலைத் திடீரென்று நிறுத்துவதைத்தான்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் இதைக் காதால் கேட்டிருப்பார்கள். பொதுக் குழாயைப் படக்கென்று அடைத்தால் சுவரோரம் போகும் இரும்புக் குழாய் அதிரும். முன்னால் போன தண்ணீர் நின்றுவிட, பின்னால் வருவது அதன்மேல் முட்டி நெருங்குகிறது. அந்த நெருக்கம் அழுத்த அலையாக வந்த வழியே திரும்பி ஓடுகிறது. எரிபொருள் குழாயில் அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர்.

மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்திய நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி, அழுத்தம் எவ்வளவு எகிறும் என்ற கணக்கை 1898இலேயே சொல்லிவிட்டார். திரவத்தின் அடர்த்தி, அலையின் வேகம், இழந்த ஓட்டவேகம் மூன்றையும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் டீசல் சட்டென்று நின்றால் சுமார் 17 பார் அழுத்தம் எழும்; ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். அதுவும் குழாயில் ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தின் மேல்.

"மெதுவாக மூடினால் போயிற்று" என்பார்கள். 20 கிலோமீட்டர் குழாயில் அலை போய்த் திரும்ப 40 வினாடி ஆகும். அதற்குள் மூடினால் முழு அடியும் விழும். தீப்பிடித்த இடத்தில் யார் அவ்வளவு நேரம் காத்திருப்பது? அதற்காகத்தான் ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் மிகுந்தால் தானே திறந்து வடியவிடும் வால்வு.

இரண்டு வால்வுகளுக்கு இடையே அடைபட்டு வெயிலில் விரியும் திரவத்துக்குச் சாதாரண ஸ்பிரிங் வால்வு போதும். அலைக்கு நைட்ரஜன் வால்வுதான் என் தேர்வு. ஒரு பக்கம் எரிபொருள், மறுபக்கம் நைட்ரஜன். எரிபொருளின் கை ஓங்கியதும் வினாடியில் சிறு பங்குக்குள் திறந்து, மிகுதியைத் தொட்டிக்கு அனுப்பிவிடும். அலையின்போதும் குழாயின் வடிவமைப்பு அழுத்தத்தை 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் குழாய் விதியான ஏ.எஸ்.எம்.இ. பி31.4.

நம் ஊர் வெயில் இங்கேதான் குறுக்கே வருகிறது. 20 பாரில் நிரப்பிய நைட்ரஜன் 10 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.7 பார் கூடிவிடும். நடுப்பகலில் வால்வு தாமதமாகத் திறக்கும். நாலு மணி மழை கொட்டிக் குளிர்ந்ததும் முந்திக்கொண்டு திறக்கும். ஆகவே நைட்ரஜன் கலனை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். மலேசியாவில் இதை விருப்பத்துக்கு விடவே கூடாது என்பேன்.

தொட்டி விஷயத்திலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இடம் காலியாக இருக்கிறதே என்று அதில் எதையாவது சேமித்தால், வால்வு திறந்தும் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் திறக்காத வால்வுக்குச் சோதனை எதற்கு என்று கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. திறக்காமலே இருக்கும் வால்வில் சீல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், நைட்ரஜன் மெல்லக் கசிந்திருக்கலாம். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.